நேர்ந்துவிட்ட வெள்ளி

அஞ்சலாட்சியின் அஞ்சறைப்பெட்டிக்குள் மணி அடித்த அந்த வெள்ளிக்கிழமை ஆலம்பாடிக் குப்பத்தில் வேறு விசேஷம் ஒன்றும் நடக்கவில்லை. படகுகள் போய் வந்தன, சங்கரா மீன் கொஞ்சம் கூடுதலாகப் பட்டது, ஏலம் போடுகிற இடத்தில் மீன் விற்கிற பூரணி வழக்கம்போல யாரையோ பிடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். சீரகம் எடுக்கப் பெட்டியைத் திறந்த அஞ்சலாட்சி, கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் கிடந்த வெள்ளிக்காசு தன்பாட்டுக்கு டாண் டாண் என்று அடிப்பதைக் கேட்டு, கோயிலில் தீபாராதனை ஆகிறதென்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோயில் மணி தெற்கிலிருந்துதான் வரும், இது முழங்கைக்குக் கீழேயிருந்து வருகிறதே என்பது சீரகம் பொரிந்து கருகும்போதுதான் அவள் புத்திக்கு எட்டியது.

அந்தக் காசு வந்த கதை அதற்கும் முந்தியது. கொண்டல் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், அவள் புருஷன் கலியபெருமாளின் வலையில் நண்டோடு நண்டாக அது வந்து சேர்ந்தது. உள்ளங்கையை அடைக்கிற அகலம், நல்ல கனம். ஒரு பக்கம் இரண்டு தலைக் கழுகு. இன்னொரு பக்கம் ஒரு ஊர் முழுசாக: சுற்றிலும் மதில், மதிலுக்கு உள்ளே கூம்புக் கோபுரங்கள், நெருக்கியடித்த ஓட்டு வீடுகள், நடுவே ஒரு ஆறு, ஆற்றின்மேல் வளைவு வளைவாகப் பாலம். கலியபெருமாள் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது அஞ்சலாட்சி அதிலே ஊர் இருக்கிறதா தேர் இருக்கிறதா என்று பார்க்கிற நிலையில் இல்லை. தலைப்பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்று இன்னும் புருஷன் வீடு திரும்பாத மகள் சுகந்திக்கு அம்மை போட்டு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபோது, இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. குழம்பில் வெந்த மீனின் கண் எப்படி இருக்கும், அப்படி. பெரியாஸ்பத்திரியில் மருந்து எழுதிக் கொடுத்து, "வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கம்மா" என்றார்கள். மடியில் கிடந்த பிள்ளையின் முகத்தைச் சுகந்தி விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்க்கத் தாங்காமல் அஞ்சலாட்சி ஈரக் காசைக் கையில் பிடித்தபடியே தெற்கு நோக்கி நின்று சொன்னாள்: "தாயே, முத்துமாரி, நீ வந்து இறங்கின ஒடம்பு இது. எம் புள்ள கண்ணைத் திருப்பிக் குடு. இந்தா, இந்த வெள்ளியையே உருக்கிக் கண்மலர் அடிச்சு, ஆடித் திருவிழாவுல உன் கண்ணுல சாத்துறேன்."

'வெள்ளி தருகிறேன்' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் கடையில் வாங்கிச் சாத்தியிருக்கலாம். ஆலம்பாடியில் நேர்த்திக்கடன் என்றால் காட்டி நேர்ந்த பொருள்தான். ஒரு சேவலைக் காட்டி நேர்ந்துவிட்டால் அதே சேவலைத்தான் கொடுக்க வேண்டும், அது நொண்டியானாலும், பக்கத்து வீட்டுச் சேவல் அதைவிடக் கொழுத்திருந்தாலும். அஞ்சலாட்சி கையில் பிடித்துக் காட்டியது இந்த வெள்ளியை. அந்த நேரத்தில் அதற்குள் யாரும் இருப்பதாக அவளுக்கு எப்படித் தெரியும்?

மணி அடித்த சேதி மாலைக்குள் குப்பம் முழுக்கப் பரவி, சனங்கள் வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். உற்றுப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. ஓட்டு வீடுகளின் மேலே நூல் நூலாகப் புகை எழும்பியது. "சோறு ஆக்குறாங்க" என்றாள் ஒருத்தி. "இந்நேரத்துக்கா?" என்றாள் இன்னொருத்தி. "அவங்க ஊர்ல எந்நேரமோ, ஒனக்கென்னடி" என்று பூரணி இருவரையும் அடக்கினாள்.

தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்ற ஞானாபரணம் சாரைப் போய்க் கூட்டிவந்தார்கள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தார், கண்ணாடி புகை படிந்து மங்கியது, வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ராஜா தல எங்க சார்? காசுன்னா ராஜா தல இருக்கணுமே" என்று கேட்டார் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் அமிர்தலிங்கம்.

"ராஜா இல்லீங்க. இது ஜெர்மன் தேசத்துச் சுதந்திர நகரம் ஒண்ணு. முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தினது. தூரத்துல ஒரு சக்கரவர்த்தி இருப்பாரு, பேருக்கு. பின்னால இருக்கே கழுகு, அது அவரு அடையாளம். மத்தபடி ஊரே கூடிப் பேசி, ஊரே வரி போட்டு, ஊரே சொந்தமா வெள்ளிக்காசு அடிச்சுக்கும். ராஜா மொகம் போடற எடத்துல அவங்க ஊர் மொகத்தைப் போட்டுக்குவாங்க."

"அட, அப்ப நம்ம பஞ்சாயத்து மாதிரி!" அமிர்தலிங்கத்துக்கு உடம்பு நிமிர்ந்தது. "நமக்கும்தான் மேல சர்க்காரு இருக்கு. கடலுக்குப் போறமா இல்லையான்னு நாமதானே முடிவு பண்றோம்?"

"நம்ம பஞ்சாயத்து காசு அடிக்கலியே தலைவரே" என்றாள் பூரணி. "போன வருசத் திருவிழா வசூலு எங்கன்னு கேட்டாலே ஒங்களுக்குக் காது அடைச்சிக்குது."

சிரிப்பு அடங்கியதும் அஞ்சலாட்சிதான் கேட்டாள். "எந்த ஊருங்க சார் அது? பேரு போட்டிருக்கா?"

விளிம்பைச் சுற்றி எழுத்துகள் ஓடியிருந்தன. ஊரின் பேர் இருந்த இடத்தைக் கடல் தின்றுவிட்டிருந்தது. சார் தலையை ஆட்டினார். பேர் தெரியாத ஊருக்கு ஆலம்பாடிக்காரர்களே 'வெள்ளியூர்' என்று பேர் வைத்து, அதைத் தங்களுக்கு வடக்கே இருக்கிற ஒரு குப்பம்போலவே பாவிக்கத் தொடங்கினார்கள்.

அதற்கப்புறம் வந்த மாதங்களில், வெள்ளியூரின் விடியற்கால மணிக்குப் படகுகள் தள்ளுவதும், மத்தியான மணிக்கு ஏலம் முடிப்பதும் பழக்கமாகிப்போயின. மணி மெதுவாக இழுத்து இழுத்து அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அன்றைக்கு ரேடியோவைச் சத்தமாக வைக்கமாட்டார்கள். கலகலவென்று அடித்தால் கல்யாணம் என்று அஞ்சலாட்சி வீட்டு வாசலில் பெரிய கோலமாகப் போடுவார்கள். மார்கழியில் காசின்மேல் அரிசிமாவு தூவினதுபோல வெள்ளை படிந்து, தொட்டால் விரல் விறைத்தது. மீன் கூடையைத் தலையில் வைத்தபடி பூரணி ஐஸ்காரனைப் பார்த்து, "போடா, ஒன் ஐஸ்ஸு யாருக்கு வேணும், அஞ்சலக்கா காச இரவல் வாங்கிக் கூடையில போட்டுக்கறேன்" என்று கத்திவிட்டுப் போனாள். கழுகு மட்டும் ஒருநாளும் அசையவில்லை. தூரத்துச் சக்கரவர்த்தி அப்படித்தான் இருப்பார் என்று அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் காசுக்குச் சிறப்பு நடந்தது. வெள்ளிச் சாமானை எப்படித் துலக்குவார்களோ அப்படியே, அஞ்சலாட்சி முத்துமாரியின் விபூதியைக் குழைத்து ஊரையும் கோபுரத்தையும் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, பாலத்தின் தலைமாட்டில் ஒரு மஞ்சள், ஒரு குங்குமம் வைப்பாள். அடுத்த வெள்ளி பக்கத்து வீட்டுச் செண்பகத்தின் முறை, அதற்கடுத்தது பூரணி. முறை கேட்டுப் பெண்களுக்குள் சண்டைகூட வந்தது. யாருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது, அந்த ஊர் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் எல்லோரும் தேய்த்தார்கள்.

தை பிறந்து சில நாள் கழித்து, சுகந்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள்: "யம்மா! இவனுக்குப் பல்லு மொளச்சிருக்கு, ஏம்மா யாருமே எங்கிட்ட சொல்லல?"

அஞ்சலாட்சி அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். வலது கண்ணில் பூ கரைந்து, கறுப்பு விழி கிணற்றுத் தண்ணீர்போல மினுங்கிக்கொண்டிருந்தது. இடது கண் வெந்த மீன் கண்ணாகவே இருந்தது. தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள், பிள்ளையும் சேர்ந்து அழுதது. அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதே அஞ்சலாட்சியின் நெஞ்சில் கல் விழுந்தது. அம்மன் தன் பங்கைத் தொடங்கிவிட்டாள். இனித் தன் பங்கு. ஆடிக்குள் இந்த வெள்ளியை உருக்கியாக வேண்டும். பெட்டிக்குள்ளே வெள்ளியூரின் மணி மத்தியானம் அடித்தது.

பங்குனி போய்ச் சித்திரை போய், இனித் தள்ள முடியாது என்றானபோது அவள் காசைத் துணியில் முடிந்துகொண்டு பொறையாருக்குச் சபாபதி பத்தரிடம் போனாள். முழுதும் கேட்டுவிட்டு, "வேண்டுதல்னா வேண்டுதல்தான் தங்கச்சி, மனசத் தேத்திக்க" என்று சொல்லிக் காசை மூசைக் கிண்ணத்தில் போட்டார் பத்தர், வெங்காரம் தூவினார், ஊதுலையைத் திருகினார். கரி சிவந்தது. மூசை சிவக்கத் தொடங்குகிற நேரம் உள்ளேயிருந்து மணிகள் கேட்டன. கல்யாணத்துக்கு அடிப்பதாக இல்லை, சாவுக்கு அடிப்பதாக இல்லை. ஊரில் இருக்கிற மணியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பதறியடித்தன. தீப்பிடித்தால் அப்படித்தான் அடிப்பார்கள் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே இரண்டு பேருக்கும் விளங்கிற்று.

பத்தர் இடுக்கியால் காசை வெளியே இழுத்துப் போட்டார். ஊதுலையை நிறுத்தினார். பிறகு கரியைப் பார்த்தபடியே சொன்னார்:

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல, தரங்கம்பாடிக் கோட்டைக்கு வந்த வெள்ளக்காரன் கப்பல்ல இந்த மாதிரி வெள்ளி பெட்டி பெட்டியா வந்து எறங்குமாம். எல்லாத்தையும் உருக்கித்தான் இந்தக் கரை முழுக்க மெட்டியும் கொலுசும் அரைஞாணும் அடிச்சிருக்கோம். பரம்பரையா எங்க கை. எந்த எந்த ஊரோ. நான் கேட்டதே இல்ல தங்கச்சி. மணிச் சத்தம் கேக்குதான்னு ஒருநாளும் குனிஞ்சு கேட்டதே இல்ல."

இந்தப் பேச்சை அஞ்சலாட்சி வந்து வாய்தவறிப் பூரணியிடம் சொல்ல, மறுநாள் காலை கடற்கரையில் ஒரு காட்சி. மீன் காய வைக்க வந்த பெண்களெல்லாம் மணலில் உட்கார்ந்து, காலை மடக்கித் தூக்கி, தாய்வழி தாய்வழியாக வந்த மெட்டியைக் காதோடு வைத்துக் கேட்டார்கள். முழங்கால் மடங்காதவர்களுக்கு மருமகள்கள் குனிந்து கேட்டுச் சொன்னார்கள். அலைச் சத்தத்துக்கு நடுவே யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. "ஒண்ணுமில்லக்கா" என்றாள் பூரணி. அவள் குரல் இறங்கி அதுவரை யாரும் கேட்டதில்லை. "அப்ப இருந்ததோ என்னமோ, இப்ப ஒண்ணுமில்ல." அன்று சாயங்காலம்வரை பெண்கள் மணலில் மெல்ல மெல்லக் கால் வைத்து நடந்தார்கள்.

காசை உருக்காமல் திரும்பக் கொண்டுவந்த பிறகு சுகந்தியின் நல்ல கண்ணில் நீர் வடியத் தொடங்கியது. முதலில் தூசு என்றார்கள். பிறகு விளிம்பில் மெல்லிசாக ஒரு பால் ஆடை. வைகாசி முடிவதற்குள் பிள்ளையின் பல் அவளுக்கு மறுபடியும் மங்கலாகிவிட்டது.

"சொன்ன சொல்ல மாத்தினா ஆத்தா சும்மா விடுவாளா?" என்றார் பூசாரி மாணிக்கம். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் பெண்சாதிதான் சுகந்திக்கு வேப்பிலை அரைத்துப் போட்டவள்.

ஊர் கூடியது. வலை பின்னுகிற கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே ஒரு பித்தளைத் தட்டில் வெள்ளியூர்.

"காசு காசுதான்யா. நம்ம புள்ள கண்ணு பெருசா, எவனோ வெள்ளக்காரன் ஊரு பெருசா?" என்றான் ஒருவன்.

"நீ உன் வீட்டுக்குத் தீ வெச்சுட்டு வந்து பேசு" என்றது பெண்கள் பக்கம்.

"அவங்கெல்லாம் எப்பவோ செத்துப்போனவங்க. முந்நூறு வருசம்னு சாரே சொல்லிட்டாரு."

"செத்தவன் வீட்டுல எப்படிடா பொக வரும்?"

அமிர்தலிங்கம் கையை உயர்த்தினார். "இந்த ஊருக்கு ராஜா இல்ல. சக்கரவர்த்தியோட கழுகு அசையறதா தெரியல. அவங்களுக்காக இங்க வந்து பேச யாரும் கெடையாது. அதனால அவங்க தரப்பையும் நாமதான் பேசியாவணும்." எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், வேண்டியவள் அஞ்சலாட்சி, பெற்றவளும் அஞ்சலாட்சி, அவள் செய்வதை ஊர் ஏற்கும் என்று சொல்லிக் கலைந்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைப்போல ஒரு பாரத்தை அவள் வாழ்நாளில் தலையில் சுமந்ததில்லை. ஊரே சேர்ந்து கெடுத்தால்கூட ஊரைத் திட்டி ஆற்றிக்கொள்ளலாம்.

ஆனி முழுக்க அவள் சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தேயிருந்தாள். எதைக் கேட்பது? மகள் கண்ணைக் கொடு என்றால் அந்த ஊரை எரி என்று சொல்வதாகிறது. அந்த ஊரைக் காப்பாற்று என்றால் மகள் கண்ணைப் பிடுங்கிக்கொள் என்று சொல்வதாகிறது.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய வாரத்து வெள்ளிக்கிழமை, துலக்கி வைத்த காசைப் பேரன் தவழ்ந்துபோய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தட்டுத்தடுமாறிப் போய் அவன் வாயிலிருந்து பிடுங்கிய சுகந்தி, எச்சில் ஈரம் போகக் காசைத் தன் கன்னத்தில் துடைத்தாள். துடைக்கையில் அது இடது கண்ணுக்கு, வெந்த கண்ணுக்கு, நேராக வந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி?"

"தெருவு தெரியுதும்மா."

"என்ன தெருவு?"

"அவங்க தெருவு. கல்லு போட்டிருக்கு. அம்மா... அங்க சாம்பல் கொட்டிக்கிட்டிருக்கு. வானத்துலேருந்து. கூரையெல்லாம் சாம்பல். பொம்பளைங்க கூட்டிக் கூட்டி அள்ளுறாங்க, அள்ள அள்ளக் கொட்டுது." சுகந்தி காசைக் கண்ணோடு இன்னும் ஒட்டிப் பிடித்தாள். "மதிலோரம் வீட்டு வரிசையே இல்லம்மா. வழிச்சு எடுத்த மாதிரி வெறும் தரை. சனங்க மூட்டை முடிச்சோட பாலத்துக்கு இந்தாண்ட வந்து நிக்கறாங்க."

அஞ்சலாட்சி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். ரேகைக்குள் விபூதி இன்னும் காயாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும், பளபளவென்று வரும்வரை, மனம் நிறைந்து, பாட்டுப் பாடிக்கொண்டு தேய்த்த விரல். உலையில் வைக்காமல் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு, எல்லாருமாகக் கும்பிட்டுக் கும்பிட்டே தெருத் தெருவாகத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இன்னும் என்னடி தெரியுது?"

"ஒரு அம்மா கோபுரத்து மேல ஏறி நிக்குது. கையில ஒரு பொண்ணு. சின்னப் பொண்ணு. அத ரெண்டு கையாலயும் தூக்கி வானத்துல காட்டுது."

"என்ன சொல்லுது?"

"பாஷை தெரியலியேம்மா." சுகந்தி காசைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "ஆனா நீ எனக்காகக் கேட்டியே, அதே மாதிரிதான் கேக்குது."

அஞ்சலாட்சி தரையில் உட்கார்ந்தாள். அந்தத் தாய் தூக்கிக் காட்டுவது யாரிடம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த வானத்தில் இருந்ததெல்லாம் அவளுடைய கட்டைவிரல்தான்.

கலியபெருமாள் கடலிலிருந்து வந்து காலைக் கழுவுமுன்னே அவள் கேட்டாள். "ஏங்க, நான் மெட்டியக் கழட்டட்டா?"

புருஷன் இருக்கிறபோது, அதுவும் கடலுக்குப் போகிற புருஷன் இருக்கிறபோது, மெட்டியைக் கழட்டுவது பற்றி ஆலம்பாடியில் எந்தப் பெண்ணும் வாயால் சொல்லமாட்டாள். கலியபெருமாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான், உள்ளே காசைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

"அதுல யாராச்சும் இருக்காங்களா?"

"கேட்டுப் பாத்துட்டேன். இல்ல. இருந்தவங்க எப்பவோ போயிட்டாங்க."

"அப்பக் கழட்டு." சற்றுப் பொறுத்து, "கடலு என்னய அறியும்" என்றான்.

விளக்கெண்ணெய் போட்டு மெட்டியைக் கழட்டியபோது விரல்களில் வெளுத்த வளையம் தெரிந்தது, கல்யாணத்தன்று மூடிய தோல் அன்றைக்குத்தான் வெளிச்சம் பார்த்தது. பத்தர் கூலி வாங்காமல் அதை உருக்கித் தட்டி ஒரு கண்மலர் செய்து கொடுத்தார். ஒரே கண் செய்யத்தான் வெள்ளி காணும்.

ஆடித் திருவிழாவன்று, தீமிதி முடிந்து அம்மனுக்கு அலங்காரம் ஆகும்போது, அஞ்சலாட்சி வெறுங்கால் விரல்களோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு சன்னதிக்கு வந்தாள். பெண்கள் அந்த விரல்களைப் பார்த்தார்கள், ஒருத்தி 'ஐயோ' என்றாள், பூரணி அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளி வாயை மூடவைத்தாள். தட்டில் ஒரு கண்மலரும், பக்கத்தில் முழுசாக வெள்ளியூரும் இருந்தன.

"என்னம்மா இது?" என்றார் பூசாரி. "இன்னொரு கண்ணு எங்க?"

"அதுதான் அண்ணே."

"நேர்ந்தது உருக்கிச் சாத்தறதா இல்ல?"

அஞ்சலாட்சி அம்மனைப் பார்த்தாள். கோபமாகப் பேசத்தான் வந்திருந்தாள். நாற்பது வருஷமாக ஒரு செவ்வாய் வெள்ளி தவறாமல் வந்த உரிமை அவளுக்கு உண்டு. ஆனால் வாய் திறந்தபோது வேறு குரல்தான் வந்தது.

"ஆத்தா, சொன்ன வெள்ளியக் கொண்டாந்துட்டேன், ஒரு குன்றிமணி கொறைக்கல. உருக்க மட்டும் என்னால முடியல. உருக்கிக் குடுத்தா அது ஒரு வெள்ளித் தகடு. இப்படியே வச்சிக்கிட்டியானா ஒரு ஊரே உன் கண்ணுல இருக்கும். அவங்களுக்கு ராஜாவும் இல்ல, நாதியும் இல்ல, மேல பாத்து என்னயக் கும்பிடறாங்க, நான் என்ன பண்ணுவேன்? நீ பாத்துக்க. எம் புள்ளைக்கு ரெண்டு கண்ணும் கேட்டேன், தப்புதான், ஒண்ணு போதும். அந்த ஒண்ண மட்டும் எடுத்துக்காத. எடுத்துக்கறதா இருந்தா..." தட்டை அம்மன் பக்கம் நீட்டினாள். "எடுத்துக்காத தாயே" என்று மட்டும் மறுபடி சொன்னாள்.

மேளக்காரர்கள் கையை நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில் தட்டிலிருந்த காசு சாயங்கால மணி அடித்தது, சாதாரணமாக, அன்றாடம் அடிக்கிறதுபோல. பூசாரி மாணிக்கம் தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு சந்தனத்தைக் குழைத்து, அம்மனின் வலது கண்ணில் கண்மலரையும், இடது கண்ணில் வெள்ளியூரையும் ஊர்ப்பக்கம் வெளியே தெரியும்படி பதித்தார். கற்பூரத் தட்டை எடுத்தவர் அதைக் கிட்டே கொண்டுபோகாமல் கையை நன்றாகப் பின்னுக்கு இழுத்து, எட்ட நின்றே காட்டினார். அன்றிலிருந்து அந்தக் கோயிலில் அப்படித்தான் காட்டுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் ஏன் என்று கேட்டால், "அந்தாண்ட குடித்தனம் இருக்கு" என்று மட்டும் சொல்வார்கள்.

சுகந்தியின் வலது கண்ணில் படர்ந்த பால் ஆடை அதற்குமேல் படரவில்லை. போகவும் இல்லை. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு நின்றுவிட்டது, அம்மன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறதுபோல. பிள்ளையின் முகம் தெரிகிறது, ஊசி கோக்க முடியவில்லை. கலியபெருமாள் கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் படகு கண்ணுக்கு மறையும்வரை அஞ்சலாட்சி மணலில் நின்று, வெறும் விரல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மறைத்துக்கொள்கிறாள். இதுவரை அவன் வந்துகொண்டிருக்கிறான்.

வெள்ளியூரை இப்போது யாரும் துலக்குவதில்லை. பஞ்சாயத்தில் அதற்குத் தீர்மானமே போட்டிருக்கிறது. விபூதியோ புளியோ எலுமிச்சையோ அதன்மேல் படக்கூடாது, மஞ்சள் குங்குமம் அம்மன் நெற்றியோடு சரி. ஆனால் துலக்காத வெள்ளி, அதுவும் உப்புக் காற்றில், என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் வருஷம் மஞ்சளித்தது. அடுத்த வருஷம் ஆற்றின்மேலும் பாலத்தின்மேலும் பழுப்பு ஏறியது. இப்போது முழுதும் கறுத்துவிட்டது. அம்மனுக்கு ஒரு கண் வெளிச்சமாகவும் ஒரு கண் இருட்டாகவும் இருக்கிறது. புகை தெரிவதில்லை. மணி கேட்கிறது, சில நாள் கேட்பதில்லை. பஞ்சுமூட்டைக்குள்ளிருந்து அடிக்கிறதுபோல இருக்கும், அலை பெரிதாக இருந்தால் அதுவும் இல்லை. தேய்த்தால் தெரு போகிறது, விட்டால் வெளிச்சம் போகிறது. இதற்கு என்ன செய்வது என்று ஊர் இன்னும் கூடிக் கூடிக் கலைகிறது.

சாயங்காலம் அஞ்சலாட்சி மகளைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவாள். பூசாரி திரையை விலக்கிவிட்டு வெளியே போய் நிற்பார். சுகந்தி படியேறி, அம்மனின் முகத்தோடு முகம் வைத்து, தன் வெந்த கண்ணை அந்தக் கறுத்த காசுக்கு நேரே வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பாள்.

"என்னடி செய்யறாங்க?" என்று தாய் கீழேயிருந்து கேட்பாள்.

"விளக்கு ஏத்தியிருக்காங்கம்மா. ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு."

"அந்த அம்மா? கோபுரத்துல நிக்குமே, பொண்ணத் தூக்கிக்கிட்டு?"

சுகந்தி கண்ணைக் காசோடு இன்னும் ஒட்டி வைப்பாள். "எறங்கி வீட்டுக்குப் போயிடுச்சும்மா" என்பாள் பிறகு. "பொண்ணு தூங்கிடுச்சு."

அஞ்சலாட்சி தானும் படியேறி, தன் இரண்டு நல்ல கண்களாலும் பார்ப்பாள். கறுப்புதான் தெரியும். மகள் சொல்வது நிஜமா, தாய் தூங்கட்டும் என்பதற்காகச் சொல்வதா என்று அவள் கேட்டதில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, சூடு எட்டாத தூரத்தில், அந்தக் கண்ணுக்கு நேராக ஒரு அகல் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வருவாள்.